ஜெபிக்க நான் உட்கார்ந்தாலும் மனசு உட்கார மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

தண்டையார்பேட்டைக்காரி
செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். சபையில் கேட்டால் "சகோதரிக்கு என்ன பாரமோ" என்று ஆளாளுக்கு ஜெபக்குறிப்பில் சேர்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்கு 43 வயது. மண்ணடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற வேலை. வீட்டில் நான், வீட்டுக்காரர், பத்தாவது படிக்கிற மகன், மாமியார். ஒரே அறை, ஓரத்தில் சமையலுக்கு ஒரு தடுப்பு. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணு என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பூட்டுகிற உள்கதவு பாத்ரூமுக்கு மட்டும்தான். அதையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பூட்டினால் மாமியார் தட்டுவார்.

வாசல் அடிபம்பில் 5 மணிக்கு மெட்ரோ தண்ணீர் வரும். அதற்கு முன்னால் 4.20க்கு எழுந்து அரை மணி நேரம் தேவ சமுகத்தில் காத்திருக்க வேண்டும் என்று வருஷப் பிறப்பு ஆராதனையில் பொருத்தனை பண்ணினேன். எழுந்துவிடுகிறேன், அதில் குறை இல்லை. முகம் கழுவி, முக்காடு போட்டு, மகன் காலை மிதிக்காமல் பீரோ ஓரத்தில் முழங்கால் போடுகிறேன். மூன்று தடவை ஸ்தோத்திரம் சொல்வேன். அவ்வளவுதான், அப்புறம் மனசு கிளம்பிவிடும். மாவு புளித்திருக்குமா? கரண்ட் பில்லுக்கு இன்றைக்குத்தான் கடைசி நாளா? நேற்று பிளம்பிங் சாமானுக்கு ஜிஎஸ்டி 18 போடாமல் 5 போட்டேனா? மாமியாரின் இருமல் மாத்திரை எத்தனை பாக்கி? வேறு சில பழைய விஷயங்கள். திடீரென்று பக்கத்து வீட்டுக் குடம் தரையில் வைக்கிற சத்தம் கேட்கும். மணி 5. ஆண்டவரோடு அரை மணி நேரம் இருந்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இருதயத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு வாருங்கள் என்று பாஸ்டர் வாரா வாரம் சொல்கிறார். எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை. சமையலுக்கு ஆயத்தம் என்றால் அரிசி ஊற வைப்பது, வெங்காயம் நறுக்குவது என்று தெரியும். இருதயத்துக்கு எதை ஊற வைப்பது, எதை நறுக்குவது?

அறிவுரை வேண்டாம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எந்த மதமானாலும் சரி.


வியாசர்பாடி தம்பி
செவ்வாய், இரவு 11.05

அக்கா, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஹெட்செட்டில் வெறும் கீபோர்டு மியூசிக் ஓட விடுங்கள். பாட்டு வேண்டாம், வார்த்தை வந்தால் மனசு அதன் பின்னால் போய்விடும். எனக்கு நைட் ஷிப்ட் முடிந்து வந்தபிறகு அதுதான் உதவுகிறது.


தண்டையார்பேட்டைக்காரி
புதன், மதியம் 1.15

நன்றி தம்பி. இன்றைக்குக் காலையில் செய்து பார்த்தேன். மியூசிக் நன்றாக இருந்தது. முழங்காலிலேயே தூங்கிவிட்டேன். வீட்டுக்காரர் எழுப்பி "அபிஷேகமா?" என்று கேட்டார்.


ராயபுரம் பெரியவர்
புதன், மாலை 6.30

அம்மா, நான் கத்தோலிக்கன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தினம் காலைப் பூசைக்குப் போகிறேன், அதற்காக எனக்குப் பராக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். 72 வயதிலும் பிரசங்க நேரத்தில் பென்ஷன் கணக்குப் போடுகிற ஆள்தான் நான்.

ஒரு தியானத்தில் சாமியார் சொல்லிக் கொடுத்ததை மட்டும் விடாமல் செய்கிறேன். இஞ்ஞாசியார் தெரியுமல்லவா, இயேசு சபையை ஆரம்பித்தவர். 1521இல் பம்பலோனா சண்டையில் காலில் குண்டடி பட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மனம் மாறிய போர்வீரர். அவர் எழுதிய ஆன்மப் பயிற்சிகளில் ஜெபத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று சில குறிப்புகள் உண்டு. ராத்திரி படுத்தபிறகு, தூக்கம் வருவதற்கு முன்னால், ஒரு மங்கள வார்த்தை மந்திரம் சொல்கிற நேரம் மட்டும், நாளைக்கு எத்தனை மணிக்கு எழுவேன், எதற்காக எழுவேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். காலையில் ஜெபிக்கிற இடத்துக்கு ஓரிரண்டு அடி முன்னாலேயே நின்றுவிட வேண்டும். ஒரு பரலோக மந்திரம் சொல்கிற நேரம், கடவுள் என்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க வேண்டும். பிறகு வணங்கிவிட்டு உள்ளே போகலாம்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். நான் அவரைப் பார்க்க முயற்சி எடுக்கிறேன் என்பது இல்லை, அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முட்டி மடங்காது, நிற்கத்தான் முடியும். அதனால் எனக்கு வசதியான குறிப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.


வலைக்காரன் காசிமேடு
புதன், இரவு 9.50

தங்கச்சி, எனக்கு வயது 61. எட்டாவது வரைதான் படிப்பு. நான் பேசப் பேச மகள் போனில் அடிக்கிறாள், பிழை இருந்தால் அது அவளுடையது.

22 வருஷம் விசைப்படகில் போனேன். இடுப்பு போனபிறகு கரையில் வலை வேலை. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வெளியாளுக்குக் காசிமேடு தூங்குகிற மாதிரி தெரியும். எங்களுக்கு அப்போதுதான் கை ஓயாது.

வலை வேலைக்குப் புதிதாக வருகிற பையன் என்ன செய்வான் தெரியுமா? கிழிசலைப் பார்த்ததும் இரண்டு பக்கத்தையும் இழுத்து முடிச்சுப் போடப் பார்ப்பான். முடிச்சு விழும். ஆனால் வலை அங்கே சுருங்கிவிடும், பாரம் ஒரே இடத்தில் விழுந்து அடுத்த இழுவையில் அதற்குப் பக்கத்தில் பிய்யும். சரியான வேலை என்றால் முதலில் கத்தியை எடுத்து ஓட்டையை இன்னும் பெரிதாக வெட்ட வேண்டும். பிய்ந்து தொங்குகிற நூலையெல்லாம் எடுத்துவிட்டு, நல்ல கண் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஊசியைக் கொண்டுபோக வேண்டும். பையன்களுக்கு அழுகையே வரும், "அண்ணே, வலையை இன்னும் கெடுக்கிறீங்களே" என்று.

நீ எழுதியதை மகள் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். மாவு, கரண்ட் பில், ஜிஎஸ்டி, இருமல் மாத்திரை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாய். நடுவில் "வேறு சில பழைய விஷயங்கள்" என்று நாலே வார்த்தையில் தாண்டிப் போனாய். அந்த இடத்தில்தான் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

எனக்கு அது என் தம்பி. படகுப் பங்கில் தகராறு, டீசல் கணக்கில் நான் ஏமாற்றினேன் என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டான். ஏமாற்றவில்லை. ஆனால் கணக்கைச் சரியாகவும் எழுதி வைக்கவில்லை. அந்த வருஷம் தபசு காலம் 40 நாளும் கோயிலில் முதல் வரிசையில் போய் நின்றேன். கண்ணை மூடினால் டீசல் கணக்கு. எத்தனை லிட்டர், என்ன விலை, எவன் சாட்சி. சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு தம்பியோடு கேஸ் நடத்திக்கொண்டிருந்தேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருப்பதை என் மாமா ஒருவர் ஞாபகப்படுத்தினார். கோபமாக வந்தது. கடைசியில் போனேன்.

தம்பி கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தபோது டீசல் கணக்கு வரவில்லை. அந்த டிவி சத்தம்தான் வந்தது. அதைச் சொல்லி ஜெபிக்க முடிந்தது. கணக்கை வைத்து ஒரு நாளும் முடிந்ததில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால், படுக்கப் போகும்போது அன்றைய நாளை ஒரு தடவை விரலில் ஓட்டிப் பார்க்கிறேன். வலையை அப்படித்தான் பார்ப்போம், கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விரலுக்குத் தெரியும். காலையில் எழுந்து கிழிசல் தேடிக்கொண்டிருந்தால் கடலுக்கு எப்போது போவது? ராத்திரியே எல்லாவற்றையும் தைத்துவிடுகிறேன் என்று சொல்ல மாட்டேன். எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்துகொண்டு படுக்கிறேன். யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் கூப்பிட்டபோது அவர்கள் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், வேலையை முடித்துவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை.

மகள் இன்னொன்றும் சேர்க்கச் சொல்கிறாள். எஸ்றா 7:10இல், வேதத்தை ஆராய எஸ்றா தன் இருதயத்தைப் "பக்குவப்படுத்தியிருந்தான்" என்று இருக்கிறதாம். பக்கத்தில் கருவாடு கட்டிக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு, "பக்குவம் என்றால் முதலில் குடலை எடுக்கணும். எடுக்காமல் எவ்வளவு உப்புப் போட்டாலும் நாறத்தான் செய்யும்" என்கிறாள். வேதபாடம் அவளிடம் படித்திருக்கலாம்.


தண்டையார்பேட்டைக்காரி
வியாழன், இரவு 11.20

அண்ணே, உங்கள் பதிலை மண்ணடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சரி, சொல்கிறேன். 3 பவுன் சங்கிலி. என் அம்மா பூக்கட்டி விற்ற காசில் சீட்டுப் போட்டு எனக்கு எடுத்தது. என் நாத்தனார் தன் மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும், அடகு வைத்துவிட்டு ஆறு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனாள். இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டால் "தங்கச்சிகிட்ட எப்படிக் கேட்பது" என்கிறார். மாமியாருக்கு அந்தப் பேச்சு வந்தால் உடனே காது கேட்காது. பவுன் விலை ஏறுகிற ஒவ்வொரு நாளும் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். காலையில் 4.20க்கு கண்ணை மூடினால் மாவும் கரண்ட் பில்லும் முதல் ஐந்து நிமிஷம்தான். மீதி 25 நிமிஷம் சங்கிலி.

இதில் கொடுமை, இருவரும் ஒரே சபை. ஒரே பாயில் உட்காருவோம். போன மாதம் அவள் எழுந்து சாட்சி சொன்னாள், "கர்த்தர் என்னை ஒரு கடனும் இல்லாமல் நடத்தினார்" என்று. எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.


சமாதானம் 7
வெள்ளி, காலை 7.10

சகோதரி, ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்பது கட்டளை. மன்னித்து மறந்துவிடுங்கள், பிரசன்னம் தானாக வரும். பொன்னும் பொருளும் நிலையில்லாதவை.


தண்டையார்பேட்டைக்காரி
வெள்ளி, மதியம் 1.30

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "மன்னித்துவிட்டேன் ஆண்டவரே" என்று இரண்டு வருஷமாகத் தினமும் சொல்கிறேன். சொன்ன மறு நிமிஷம் சங்கிலி வருகிறது. அதனால்தான் கேள்வியே கேட்டேன். நிலையில்லாத பொருள்தான், ஒத்துக்கொள்கிறேன். என் அம்மாவும் இப்போது இல்லை.


வலைக்காரன் காசிமேடு
வெள்ளி, இரவு 8.45

தங்கச்சி, மன்னிப்பு வேறு, கணக்கு வேறு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதே. மன்னித்தவள் பொருளைக் கேட்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

இன்னொன்று. சங்கிலி வந்துவிட்டதே, ஜெபம் கெட்டுப்போச்சே என்று நீ நினைக்கிறாய். அந்தச் சங்கிலியையே ஜெபமாக ஏன் சொல்லக் கூடாது? எத்தனை பவுன், யார் வாங்கிக் கொடுத்தது, அவள் சாட்சி சொன்னபோது உனக்கு வயிறு எப்படி எரிந்தது, எல்லாவற்றையும். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய முணுமுணுத்தபோது, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்றுதான் ஆசாரியன் ஏலி நினைத்தான். கர்த்தர் சந்நிதியில் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று அவள் பதில் சொன்னாள். ஊற்றுவது என்றால் உள்ளே இருக்கிறதுதானே வரும். பன்னீர் மட்டும் வருமா?


ஒற்றியூர்க்காரன்
சனி, காலை 6.00

நான் சைவன். நாயன்மார் கதையை இங்கே சொல்லலாமா என்று தயங்கினேன். எந்த மதமானாலும் சரி என்று அக்காவே சொல்லியிருப்பதால் சொல்கிறேன்.

அக்காவின் வீட்டில் பூட்டுவதற்குக் கதவு இல்லை என்றதும் எனக்குப் பூசலார் நினைவு வந்தது. நம் பக்கத்துத் திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. ஊர் ஊராக அலைந்தும் கிடைக்கவில்லை. சரியென்று மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, சிவன் அவன் கனவில் வந்து, அன்றைக்குப் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார் என்று சொன்னார். மன்னன் தேடிக்கொண்டு வந்தால் ஊரில் கோயிலே இல்லை. இன்றைக்கு அங்கே இருக்கிற கோயிலில் சுவாமிக்கு இருதயாலீஸ்வரர் என்று பெயர்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பெரியபுராணத்தை மறுபடி படித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது. மனசில்தானே கட்டுகிறோம் என்று அவர் ஒரே நொடியில் கட்டி முடித்துவிடவில்லை. பொருள் சேர்த்து, தச்சர்களைத் தேடி, நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டு, ராத்திரியும் கண் மூடாமல் கட்டினார். சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டினார். கற்பனைக் கோயிலுக்குக் கிணறு எதற்கு என்று சிரிக்கத் தோன்றும். எனக்கென்னவோ அந்தக் கிணற்றில்தான் அவருடைய அன்பு தெரிகிறது. வடிவுடையம்மன் சந்நிதியில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முண்டியடித்து நிற்கும்போது நானும் ஒரு செங்கல்லாவது வைத்துவிட்டு வருகிறேன். அரை மணி நேரம் எனக்கும் முடியாது.


ராயபுரம் பெரியவர்
சனி, காலை 9.15

ஒற்றியூர்த் தம்பி, கிணறு விஷயம் அருமை. நான் கேட்டதில்லை.


தண்டையார்பேட்டைக்காரி
செவ்வாய், இரவு 10.15

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மகனுக்குத் திருப்புதல் தேர்வு, கடையில் ஸ்டாக் கணக்கு.

அரை மணி நேரப் பொருத்தனையை ஆண்டவரிடம் சொல்லிக் குறைத்துக்கொண்டேன். தப்பா என்று தெரியவில்லை. இப்போது பத்து நிமிஷம்தான். பீரோ ஓரத்தில் இல்லை, வாசல்படியில், அடிபம்புக்குப் பக்கத்தில். அங்கேதான் அந்த நேரத்தில் ஆள் இருப்பதில்லை. பெரியவர் சொன்னபடி ராத்திரி படுக்கும்போதே, நாளைக்கு இதற்காக எழுவேன் என்று சொல்லிக்கொள்கிறேன். காலையில் உட்காருவதற்கு முன்னால் படிக்கு இரண்டு அடி தள்ளி நிற்கிறேன். மூன்றாவது நாள் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு "இடுப்புப் பிடிப்பா?" என்று கேட்டார்.

முதல் நாள் உட்கார்ந்து, வலைக்கார அண்ணன் சொன்னபடி சங்கிலியைப் பற்றியே பேசினேன். அழகாகவெல்லாம் பேசவில்லை. "அவள் சாட்சி சொன்னபோது நீரும் அங்கேதானே இருந்தீர்?" என்று கேட்டேன். ஆண்டவரிடம் இப்படிப் பேசுவேன் என்று நினைத்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அம்மா பூக்கட்டும்போது நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவது ஞாபகம் வந்து அழுதுகொண்டிருக்கிறேன். இத்தனை நாள் தங்கத்தை நினைத்து எரிந்ததில் அம்மாவை நினைத்து அழவே இல்லை போலிருக்கிறது. அன்றைக்கு நான் எழுந்து பார்த்தபோது பக்கத்து வீட்டில் ஆறு குடம் நிரப்பிவிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. நேற்றுக் காலையில் முழுக்க ஜிஎஸ்டிதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது வயிறு எரியத்தான் செய்தது, கொஞ்சம் குறைவாக.

வரும் சனிக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போகிறேன். வீட்டுக்காரர் வரவில்லை, என்னை மட்டும் போகச் சொல்லிவிட்டார். சங்கிலியைக் கேட்கப் போவதில்லை, அடகு ரசீதை மட்டும் கேட்கலாம் என்றிருக்கிறேன். வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, இன்னும் ஏலத்துக்குப் போகாமல் இருக்கிறதா என்றாவது தெரியும். அவள் கதவைத் திறக்காமல் டிவி சத்தம் மட்டும் கேட்டால், அண்ணே, உங்களுக்கு எழுதுகிறேன்.